சாமி இருக்கும் மலை, பாக்சைட் இருக்கும் மலை

செவ்வாய், ராயகடா

ஆலப்புழை–தன்பாத் ரயில் சென்னையைத் தாண்டியபின் ஆந்திராவின் விஜயநகரம் வரைக்கும் கடலோர மாவட்டங்கள் வழியாகவே ஓடிவந்து, அப்புறம் திடீரென்று ஞானோதயம் வந்ததுபோல மலைப்பக்கம் திரும்புகிறது. சேலத்தில் ஏறியதிலிருந்து பெட்டியில் பேச்சுத்துணைக்குக் குறைவில்லை. திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் ஊர் திரும்பும் ஒடியாப் பையன்கள்தான் பாதிப்பேர். ஒருத்தன் என்னிடம் பனியன் கம்பெனி ஷிப்ட் கணக்கைத் தமிழிலேயே விளக்கினான். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் கட்டுப்படியாகுமாம்.

மேலூர்க்காரனுக்கு ஒடிசா மலையில் என்ன வேலை என்று வீட்டிலும் கேட்டார்கள், இவனும் கேட்டான். வேலை இருக்கிறது. 2024 நவம்பரில் எங்கள் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் வட்டாரத்தை ஏலத்தில் எடுத்தது இந்துஸ்தான் ஜிங்க். அது வேதாந்தா குழுமத்து நிறுவனம். அரிட்டாபட்டி உட்பட கிட்டத்தட்ட ஐயாயிரம் ஏக்கர். சமணர் படுக்கை, பாண்டியர் காலத்துக் குடைவரை, தமிழிக் கல்வெட்டு, 2022இல் அரசே அறிவித்த பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் எல்லாம் அங்கேதான். ஊர் ஊராகக் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரை ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த நாட்களில் கூட்டத்துக்குக் கூட்டம் யாராவது ஒருவர் மைக்கில் சொன்ன பெயர் நியமகிரி, ஒடிசாவில் இதே வேதாந்தாவுக்காகப் பாக்சைட் வெட்டக் கேட்ட மலை. கிராம சபை சொல்லி உச்ச நீதிமன்றமே கேட்ட ஊர் என்று. சரி, அந்த ஊரைப் பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் இந்தப் பயணம்.

ராயகடா பாதி தெலுங்கு பேசுகிற ஊர். பெயர்ப்பலகை ஒடியாவில், பேரம் தெலுங்கில். எனக்குத் தெரிந்த உடைந்த தெலுங்கில் அறை வாங்கியாயிற்று. சாயங்காலம் மாஜிகரியாணி கோயிலுக்குப் போனேன். ஊர்க்காவல் அம்மன். செவ்வாய்க்கிழமை என்பதாலோ என்னவோ நல்ல கூட்டம். எனக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. வருஷம் ஒருமுறை குலசாமிக்குப் பொங்கல் வைப்பதோடு சரி. பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவன். ஆனால் தெரியாத ஊருக்குப் போனால் முதலில் அந்த ஊர் அம்மனிடம் தலையைக் காட்டிவிடுவது எங்கள் அம்மா சொல்லிக்கொடுத்த பழக்கம், அது விடவில்லை.

புதன், சாட்டிக்கோணா

இன்று சந்தை நாள். நியமகிரிப் பழங்குடிகளான டோங்ரியா கோந்து மக்கள் மலையிலிருந்து இறங்கி வருகிற நாள். மொத்தமே சுமார் பத்தாயிரம் பேர் இருப்பார்கள். பேசுவது குவி, நம் திராவிட மொழிக் குடும்பம்தான். ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றும் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

பெண்கள் தலையில் கூடையோடு வரிசையாக வருகிறார்கள். மூக்கில் மூன்று வளையம், கொண்டையில் கொத்துக்கொத்தாகக் கிளிப், அதற்குள்ளேயே செருகிய சின்னக் கத்தி. மேலே போர்த்தியிருக்கும் வெள்ளைத் துணியில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஊசித் தையல். கப்டாகண்டா என்று பெயர், 2024இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, முக்கோணம் முக்கோணமாக ஓடும் அந்த வரிசை மலைத்தொடர். ஒரு பாட்டியின் துணியில் ஓரத்து முக்கோணம் ஒன்று பாதியில் நின்றிருந்தது, ஊசியும் நூலும் அங்கேயே குத்தியிருந்தன. சந்தைக்கு வந்த இடத்தில் ஓய்ந்த நேரம் கிடைத்தால் தைப்பார் போல.

படம் எடுக்கவில்லை. பழங்குடிகளைக் காட்சிப்பொருளாக்கிச் சுற்றுலா நடத்திய கூத்துக்கு அப்புறம் ஒடிசா அரசு இந்த ஊர்களில் படமெடுக்கவும் இரவு தங்கவும் கட்டுப்பாடு போட்டிருக்கிறது. நல்ல வேலை செய்தார்கள். என் பக்கத்தில் ஒருவர் நீளமான லென்ஸை ஜோல்னாப் பைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் வந்து என்னையும் சேர்த்து முறைத்துவிட்டுப் போனார்.

கேழ்வரகு, தினை, இஞ்சி, வாழை, ஆரஞ்சு, கட்டிக் கொண்டுவந்த சீமாறுப் புல். வியாபாரிகள் சந்தை வாசலுக்கு வெளியிலேயே கூடையை மடக்கிக்கொள்கிறார்கள். எடை போடுவதற்கு முன்னால் விலை முடிந்துவிடுகிறது. கம்பெனியை விரட்டிய மக்கள் என்று நாம் மேடையில் பேசுகிறோம், இங்கே ஒரு கூடை ஆரஞ்சின் விலையைக்கூட அவர்களால் நிர்ணயிக்க முடியவில்லை. உள்ளூர்ப் பெண்ணொருத்தி அந்த வியாபாரியைத் திட்டிய திட்டு மட்டும் மொழி தெரியாமலே புரிந்தது.

வியாழன், லாஞ்சிகட்

முனிகுடாவிலிருந்து ஷேர் ஜீப். வளைவு ஒன்று திரும்பியதும் வலப்பக்கம் முழுக்க நியமகிரி மலை, அதன் காலடியிலேயே புகைபோக்கிகள். வேதாந்தாவின் அலுமினா ஆலை. பள்ளிக்கூடத்தில் பேயர் முறை என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்துவேனே, அது இங்கே பல ஏக்கரில் நிற்கிறது. அலுமினியத் தாதுவான பாக்சைட்டை அரைத்து, சூடான எரிசோடாவில் கரைத்து, கரையாத சேற்றைப் பிரித்து, மீதியைப் படியவைத்துச் சுட்டால் வெள்ளைப் பொடி, அதுதான் அலுமினா. அது சரக்கு ரயிலில் ஜார்சுகுடாவுக்குப் போய் மின்னாற்பகுப்பில் அலுமினியம் ஆகிறது. பாடப்புத்தகத்தில் ‘கசடு’ என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடும் விஷயம் இங்கே கரை கட்டி நிறுத்திய செக்கச்செவேலென்ற ஏரி. ஒரு டன் அலுமினா எடுத்தால் ஏறக்குறைய ஒரு டன்னோ அதற்கு மேலோ செஞ்சேறு மிஞ்சும். அதற்குள் காரம் இருக்கிறது. சாலையிலிருந்து கரைதான் தெரிகிறது, ஏரி தெரியாது. காற்றடிக்கும்போது துணியில் ஒரு செம்மண் நிறம் படிகிறது என்று டீக்கடைக்காரர் தோள் துண்டை உதறிக் காட்டினார்.

இந்த ஆலையின் கதைதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். முதலில் ஆலை, அப்புறம் சுரங்கம். மலை உச்சியில் 660 ஹெக்டேர் வனநிலத்தில் வெட்டலாம் என்று அனுமதி கிடைப்பதற்கு முன்பே, ஆலைக்குத் தனியாக 2004இல் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிக் கட்டிவிட்டார்கள். கினாரி என்ற ஊர் இதற்காகக் காலி செய்யப்பட்டது. உச்ச நீதிமன்றத்தின் மத்திய அதிகாரக் குழு 2005இலேயே இதைக் கடுமையாகக் கேட்டது. கட்டி முடித்த ஆலையைக் காட்டி, இவ்வளவு முதலீடு போட்டாயிற்று, மலையைக் கொடுக்காவிட்டால் எப்படி என்று கேட்பது ஒரு வழி. பெரிய கம்பெனிகள் எல்லா ஊரிலும் கையாளும் வழிதான்.

மலையில் இருக்கும் பாக்சைட் 7 கோடி டன்னுக்குக் கொஞ்சம் மேல். 2010இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அமைத்த சக்சேனா குழு கணக்குப் போட்டுச் சொன்னது: ஆலையின் அலுமினா உற்பத்தியை அவர்கள் கேட்கிறபடி ஆண்டுக்கு 60 லட்சம் டன்னாகப் பெருக்கினால் இந்த மலை நான்கு வருஷம்தான் தாங்கும்.  நான்கு வருஷம் என்ற அந்த எண்ணை இங்கே நின்றுகொண்டு மலையைப் பார்த்தபடி நினைத்துக்கொள்ளத்தான் முடிகிறது, ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

டீக்கடைக்காரரின் மகன் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அவர் கட்சி வேறு. “மலையைத் தராததால் ஆலை நின்றுவிட்டதா என்ன? வெளி மாநிலத்திலிருந்தும் கப்பலிலும் பாக்சைட் வருகிறது. ஆலை பெரிதாகிக்கொண்டுதான் போகிறது. எங்களுக்கு அழுக்கும் உண்டு, சம்பளமும் உண்டு. மலைக்காரர்களுக்கு இரண்டும் இல்லை” என்றார் தெலுங்கில். வாதமாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கம்பெனி கட்டியது என்றும் சொன்னார். மறுத்துப் பேச எனக்கு உரிமையில்லை. டீ நன்றாக இருந்தது.

வெள்ளி, மலைமேல்

வழிகாட்டியாக வந்த பையன் அடிவாரத்துக் கோந்து. திருப்பூரில் மூன்று நான்கு வருஷம் செக்கிங்கில் இருந்தவன். “மெதுவா வாங்கண்ணா, இங்க லிப்ட் கிடையாது” என்று அசல் கொங்குத் தமிழில் சொன்னபோது சிரிப்பு வந்துவிட்டது. அனுமதி வாங்குவது, முதலில் ஊர்ப் பெரியவரைப் பார்ப்பது எல்லாம் அவன் ஏற்பாடு.

கீழ்ச் சரிவுகள் வெளுத்துக் கிடக்கின்றன. காட்டை வெட்டிச் சுட்டு விதைக்கும் பொடு விவசாயம். அறுவடை முடிந்த கேழ்வரகுத் தாளும் ஆமணக்கும் நிற்கின்றன. இவர்கள் மரமே வெட்டாதவர்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். கீழே வெட்டுவார்கள். மேலே போகப் போகத்தான் காடு அடர்கிறது. உச்சிப் பக்கம் வெட்டக்கூடாது, அது அவர்கள் சாமியான நியம ராஜாவின் இடம். உச்சியிலும் பெருங்காடு இல்லை, பாக்சைட் தொப்பியின்மேல் புல்வெளிதான், அதைச் சுற்றித்தான் மரங்கள். மானும் முயலும் மேயும் புல். தங்கப் பல்லி என்ற அபூர்வப் பல்லியும் இந்த மலையில் உண்டு. நாங்கள் உச்சிவரை போகவில்லை. போகக்கூடாத இடத்துக்குப் போய்ப் பார்த்து என்ன ஆகப்போகிறது.

மார்கழி மாதம். மழை நின்று வாரக்கணக்காகிறது. ஆனாலும் வழியெல்லாம் ஓடை. ஓர் ஓடையில் கையை வைத்தேன், எலும்பு வரை குளிர்ந்தது. அடியில் சின்னச் சின்னச் செந்நிறக் கூழாங்கல், ஒன்றை எடுத்தால் பொத்தல் பொத்தலாக, எதிர்பார்த்ததைவிட லேசாக இருக்கிறது. இந்த மலையின் அடிப்பாறை கோண்டலைட். கோந்து மக்களின் பெயரைத்தான் நிலவியலாளர்கள் அந்தப் பாறைக்கு வைத்தார்கள். கோணார்க் கோயிலும் பூரி கோயிலும் அதே வகைக் கல். கோடிக்கணக்கான வருஷ மழையில் அந்தப் பாறையின் மேல்பகுதியிலிருந்த சிலிக்கா கரைந்துபோக, அலுமினியமும் இரும்பும் தங்கிப்போனதுதான் பாக்சைட். அந்தத் தொப்பியில் நுண்துளைகள் ஏராளம். மழை பெய்யும்போது குடித்துக்கொண்டு அப்புறம் மெல்ல விடுகிறது, பாறைமேல் போட்ட ஈரச் சாக்கு மாதிரி. வம்சதாரா இந்த மலைப்பக்கம் பிறந்துதான் ஆந்திரக் கடற்கரை வரை ஓடுகிறது.

இந்த இடத்தில் ‘அறிவியல் சொல்வதை முன்னோர்கள் அப்போதே சாமி என்று சொல்லிவைத்தார்கள்’ என்று எழுத எனக்கும் கை துறுதுறுக்கிறது. அரிட்டாபட்டிக் கூட்டங்களிலும் இதைக் கேட்டிருக்கிறேன், கைதட்டல் விழுகிற வரி. ஆனால் எனக்கு அதில் ஒரு பயம் உண்டு. இந்த மலைக்கே ஒரு நிபுணர் அறிக்கை இருந்தது. கோல் இந்தியாவின் துணை அமைப்பான சுரங்கத் திட்ட நிறுவனம் ஆய்வு செய்து, சுரங்கத்தால் நிலத்தடி நீருக்குக் கேடு வராது, வெடி வைப்பதால் உண்டாகும் நுண்விரிசல்கள் வழியாக நீர் இறங்குவது கூடும் என்று சொன்னது. நீதிமன்றத்தில் அதுவும் அறிவியல்தான். சாமியைத் தண்ணீருக்குக் காரணம் காட்டி நிறுத்தினால், தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது என்று இன்னொரு அறிக்கை வந்த அன்றைக்குச் சாமிக்கு என்ன பதில்? அந்த அறிக்கையை அறிவியலால் எதிர்க்க வேண்டும். என் தொழிலே அதுதான். எண் எங்கிருந்து வந்தது, எந்த மாதம் அளந்தார்கள், பணம் யார் கொடுத்தது என்று கேட்க வேண்டும். ஆனால் வழிபாடு அந்தச் சண்டையின் முடிவுக்காக வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை.

உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று சொன்னதன் அழகு அதில்தான் இருக்கிறது. மலை உச்சியில் நியம ராஜாவை வழிபடும் உரிமையைச் சுரங்கம் எந்த வகையிலாவது பாதித்தால், அந்த உரிமை காக்கப்பட வேண்டும், பாதிக்குமா என்பதைக் கிராம சபை முடிவு செய்யட்டும் என்றது. வன உரிமைச் சட்டமும் மத உரிமைப் பிரிவுகளும் சேர்ந்து நின்ற தீர்ப்பு. சாமி இருக்கும் இடம் சுரங்கத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளி என்று எதிர்த்தரப்பு வாதம். இதைப் பையனிடம் சொன்னேன்.

“அண்ணா, உங்க ஊர்ல சாமிக்கு சர்வே நம்பர் போட்டிருக்கா?”

“கோயில் நிலத்துக்கு உண்டு.”

“நிலத்துக்குத்தானே? சாமிக்கு?”

பதில் சொல்லத் தெரியவில்லை. அவனுக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது. 2013 ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 19 வரை பன்னிரண்டு ஊர்களில் கூட்டம் நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்க, பன்னிரண்டு போதும் என்று ஒடிசா அரசு தேர்ந்தெடுத்தது. மாவட்ட நீதிபதி பார்வையாளர். மழையில் தார்ப்பாய் கட்டி, சுற்றிலும் துப்பாக்கியோடு போலீஸ். இவன் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டத்தை எட்டிப் பார்த்திருக்கிறான். “நீதிபதி ஐயா நடந்து வந்து சேறெல்லாம் அப்பியிருந்துச்சு. அதான் ஞாபகம் இருக்கு” என்றான். பன்னிரண்டு ஊரும் மாட்டோம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசு வன அனுமதியை முறைப்படி மறுத்தது. 2016இல் திரும்பவும் கூட்டம் நடத்த வேண்டும் என்று ஒடிசா சுரங்கக் கழகம் நீதிமன்றம் போனதும் எடுபடவில்லை.

இதற்கு நடுவே நடந்ததையும் சொல்ல வேண்டும். நியமகிரி சுரக்ஷா சமிதியின் லோடோ சிகாகா 2010இல் போலீஸ் பிடியில் பட்ட அடி, கைதுகள், வழக்குகள். 2023இல்கூடப் போராட்டக்காரர்கள் ஒன்பது பேர்மீது உபா சட்டம் பாய்ந்து, அப்புறம் எடுக்கப்பட்டது. லண்டனில் இங்கிலாந்துத் திருச்சபையே 2010இல் தன் வேதாந்தா பங்குகளை விற்றது. ஒரு சாமிக்காரர்களுக்காக இன்னொரு சாமிக்காரர்கள் பங்குச்சந்தையில் இறங்கியது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த துண்டு.

இறங்கும்போது சல்பா மரத்தடியில் உட்கார்ந்தோம். நம் கூந்தப்பனை. மேலே கட்டிய சுரைக்குடுக்கையிலிருந்து இறக்கிய கள்ளை இலைத் தொன்னையில் ஊற்றி ஒரு பெரியவர் நீட்டினார். புளிப்பு ஏறியிருந்தது. அவரிடம் சுரங்கத்தைப் பற்றி ஏதாவது கேட்கச் சொன்னேன். பையன் குவியில் கேட்டான், அவர் நீளமாகப் பதில் சொன்னார். “என்ன சொல்றாரு?” என்றேன். “பன்னி வந்து தோட்டத்தைக் கிண்டுதாம். அதுக்கு கவர்ன்மெண்ட் என்ன பண்ணும்னு கேக்கிறாரு” என்றான்.

சனி, முனிகுடா

ரயில் நாலு மணி நேரம் தாமதம் என்று காட்டுகிறது. நடைமேடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பையனும் வந்திருக்கிறான், கூடவே அவன் ஊர் வாத்தியார் ஒருவர்.

பேச்சு சிஜிமாலிக்குப் போனது. இங்கிருந்து அதிக தூரமில்லாத இன்னொரு பாக்சைட் மலை. 2023இல் அதை ஏலத்தில் எடுத்தது அதே வேதாந்தா. நியமகிரியைவிடப் பல மடங்கு தாது, 31 கோடி டன். சில ஊர்களில் கிராம சபை சம்மதம் கொடுத்துவிட்டதாக அரசுத் தாள்கள் சொல்கின்றன. அப்படி ஒரு கூட்டமே நடக்கவில்லை, எங்கள் கையெழுத்தே இல்லை என்கிறார்கள் ஊர்க்காரர்கள். நியமகிரித் தீர்ப்பைப் படித்தது போராட்டக்காரர்கள் மட்டுமில்லை என்று வாத்தியார் கசப்போடு சொன்னார். கிராம சபைக்கு அதிகாரம் உண்டு என்று தெரிந்துவிட்டால், அப்புறம் சண்டை மினிட் புத்தகத்துக்குத்தான்.

அதற்கப்புறம் அவர் கேட்டதெல்லாம் தொழில்முறைக் கேள்விகள். உங்கள் ஊரில் தீர்மானத்தை யார் எழுதினார்கள்? மினிட் புத்தகத்தில் பக்க எண் முன்பே போட்டிருந்ததா? வருகைப் பதிவுக்குக் கையெழுத்தா, கைநாட்டா? கூட்டத்தை வீடியோ எடுத்தார்களா? நகலை அன்றைக்கே ஊர்க்காரர் யாராவது வாங்கிக்கொண்டார்களா? எனக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. நரசிங்கம்பட்டி நண்பருக்குப் போன் போட்டேன். அவர் டங்ஸ்டன் தீர்மானத்தின் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார், கூடவே “கடைசிக் கையெழுத்துக்குக் கீழ கோடு போட்டு அடைக்கச் சொல்லுப்பா, இல்லேன்னா அப்புறம் எதையாச்சும் சொருகிடுவானுக” என்று ஒரு குரல் பதிவும்.

பையனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. நான் வரி வரியாக வாசிக்க, அவன் ஒடியாவில் சொல்ல, வாத்தியார் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். நடுநடுவே நிறுத்தி, “ஏகமனதாக” என்பதற்குப் பதில் எத்தனை பேர் என்று எண்ணையே போடுவதுதான் நல்லது என்று அவராகத் திருத்தமும் செய்கிறார். இரண்டாவது பக்கம் ஓடுகிறது. அறிவிப்பில் இப்போது ஐந்து மணி நேரத் தாமதம் என்கிறார்கள், முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.